ராஜபாய் போடாத கையெழுத்து

சுசீந்திரத்திலிருந்து மயிலாடிக்குப் போகிற ரோட்டில், வயல்களுக்கு நடுவே கொஞ்சம் மேடான இடத்தில் இருந்த அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் மொத்தம் மூன்று டாக்டர்கள். அவர்களில் இரண்டு பேர் புருஷனும் பெண்டாட்டியும். இதனால் பெரிய தொந்தரவு எதுவும் வந்ததில்லை, 1933-இல் கோலப்பனின் கால் ஒடியும்வரைக்கும்.

புருஷன் டாக்டர் ஞானசிங். ஆபரேஷன் எல்லாம் அவர் பொறுப்பு. நல்ல கை, நல்ல குரல். நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் ஒரு வார்டைத் தாண்ட மாட்டார். மனைவி டாக்டர் ராஜபாய் வேலூரில் படித்துவிட்டு வந்தவர். பிரசவமும் பெண்கள் வார்டும் அவர் கையில். அவரும் சிரிப்பார், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு. சாயங்காலங்களில் இரண்டு பேரும் ஆஸ்பத்திரி முற்றத்தில் வலை கட்டிப் பூப்பந்து ஆடுவார்கள். மருந்து வாங்க வந்தவர்கள் வாங்கின பிறகும் போகாமல் நின்று பார்ப்பார்கள்.

மூன்றாமவர் பெரிய டாக்டர் யேசுரத்தினம். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஊரில் வேறெந்த ஆஸ்பத்திரியிலும் இல்லாத ஒரு வழக்கத்தை அவர் தொடங்கி வைத்திருந்தார். மாதத்தின் முதல் சனிக்கிழமை மூன்று டாக்டர்களும் ஒரு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார்கள். அந்த மாதம் யார் பார்த்த கேஸ் சரியாக வரவில்லையோ அவர் அதை விவரிக்க வேண்டும். மற்ற இருவரும் கேள்வி கேட்பார்கள். கடைசியில் ஒரு தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். தண்டனை கிடையாது. அடுத்த தடவை ஒழுங்காகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அந்த அறையில் பேசியது அறைக்கு வெளியே போகக் கூடாது என்பது சட்டம். கம்பவுண்டர்கள் இதற்குப் பாவ அறிக்கைக் கூட்டம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கோலப்பன் மயிலாடியில் சிற்ப வேலை செய்கிறவர். ஒரு கோயில் மண்டபத்துக்கு வேண்டிய கல்லை வண்டியிலிருந்து இறக்கும்போது அது புரண்டு இடது காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து போயிற்று. கொண்டுவந்த அன்றே ஞானசிங் எலும்பை நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார். அந்த வேலையில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

கால் அப்போது நன்றாக வீங்கியிருந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு வீக்கம் வற்றியது. வீக்கம் வற்றினால் கட்டு தளர்ந்துவிடும். கட்டை வெட்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அன்றைக்குக் காலையில் ஞானசிங் வார்டைச் சுற்றி வரும்போது கோலப்பனின் மனைவி நாகம்மை எழுந்து நின்று சொன்னாள்.

"ஐயா, கட்டுக்குள்ள எனக்க ரெண்டு வெரலு போகுது. தளந்து கெடக்கு."

ஆபரேஷன் மேசையில் ஒரு அவசரக் கேஸ் காத்திருந்தது. ஞானசிங் நின்றுகூடப் பார்க்கவில்லை.

"வீக்கம் வத்துது, நல்லதாக்கும். வெரல் உள்ள போனா போகட்டு, காலு வெளிய வந்திராமப் பாத்துக்கிடு."

வார்டே சிரித்தது. நாகம்மையும் சிரித்தாள். கோலப்பனை வீட்டுக்கு அனுப்பினார்கள். பல வாரம் கழித்து வந்து கட்டைப் பிரித்தபோது கால் கோணியிருந்தது. நடந்தால் ஒரு பக்கம் சாய்ந்தது.

அன்று மத்தியானம் ஞானசிங் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. ராஜபாய் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சாளை மீன் கறிய நீங்க தொடாம இருக்கிறத இண்ணைக்குத்தான் பாக்கேன். என்ன காரியம்?"

ஞானசிங் சொன்னார். இரண்டு விரல், தன் வேடிக்கைப் பேச்சு, வார்டு சிரித்தது, எல்லாவற்றையும் சொன்னார். "அவ சொன்னப்பவே கட்ட மாத்தியிருந்தா காலு நேரா இருந்திருக்கும், ராஜம். எனக்குத் தெரியும்."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லணும்."

"சொல்லுவோம். கூட்டத்துல வரட்டு, பாப்போம்" என்றார் ஞானசிங். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

முதல் சனிக்கிழமை வந்தது. கூட்டம் தொடங்கியதும் ராஜபாய் பேசினார்.

"முதல்ல ஒண்ணு சொல்லிரணும். இந்தக் கேஸ விசாரிக்க நான் உக்காரக் கூடாது. நான் இவருக்கு வீட்டுக்காரி."

யேசுரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பின்ன யாரு உக்காருவா? நான் ஒருத்தனே கேள்வியும் கேட்டு, ஆமா சரின்னு நானே சொல்லணுமா? இரு பிள்ளே. நீ ஞாயமாத்தான் பேசுவே."

ராஜபாய் உட்கார்ந்தார். ஞானசிங் கேஸை விவரித்தார். கல், முறிவு, கட்டு, வீக்கம் எல்லாம் வந்தது. நாகம்மை சொன்னது மட்டும் வரவில்லை. ராஜபாய் காத்திருந்தார். அவர் நிறுத்திவிட்டதைப் பார்த்துக் கேட்டார்.

"வீக்கம் வத்தின பொறவு கட்டு தளந்துதா?"

ஞானசிங் மனைவியைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். "ஞாபகம் இல்ல."

"தளந்திருக்குன்னு யாராவது சொன்னாவளா?"

"வார்டுல நாப்பது பேரு நாப்பது சொல்லுவாவ. ஞாபகம் இல்ல."

யேசுரத்தினம் தீர்மானம் எழுதினார். சிகிச்சையில் குறை ஒன்றும் காணப்படவில்லை, எலும்பு கோணியது தற்செயல். கையெழுத்துப் போட்டுவிட்டுக் காகிதத்தை ராஜபாய் பக்கம் தள்ளினார். ராஜபாய் பேனாவை எடுத்தார், படித்தார், பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் போட மாட்டேன்."

"காரணம்?"

"காரணத்தச் சொல்ல முடியாது. அது எனக்கு டாக்டருங்கிற முறையில தெரிஞ்சதில்ல."

பெரிய டாக்டர் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பாதி புரிந்துகொண்டவர்போல் தொண்டையைச் செருமினார். "அப்பச் செரி. ஒரு கையெழுத்தோட இருக்கட்டு."

கதவைத் திறந்து ஞானசிங் வெளியே போன வேகத்தைக் கம்பவுண்டர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

வீட்டில் அவர் பேசியதெல்லாம் தவறு என்று சொல்ல முடியாது. "உங்கிட்ட வீட்டுல வச்சு சொன்னத நீ அங்க கொண்டுவந்தது செரியா?"

"நான் கொண்டுவரல. நீங்களே சொல்லட்டும்னு கேட்டேன். நீங்க சொல்லல. நானும் சொல்லல. ஆனா உள்ளத இல்லன்னு எனக்க கையால எழுத முடியாது."

"அங்க சொன்னது நாளைக்கு வெளிய போனா? எவன் இனி அந்த அறையில வாயத் திறப்பான்?"

"இப்பம் மட்டும் நீங்க திறந்தீங்களா?"

அடுத்த நாளிலிருந்து ஞானசிங் சாயங்காலம் யேசுரத்தினத்தைக் கூப்பிட்டுக்கொண்டு பூப்பந்து ஆடினார். பெரிய டாக்டர் நின்ற இடத்தை விட்டு நகர மாட்டார்; பந்து அவர் மட்டையைத் தேடி வந்தால் அடிப்பார். ராஜபாய் ஜன்னலில் நின்று இதைப் பார்த்துத் தனியே சிரித்துக்கொண்டார். வருத்தமும் இருந்தது.

கோலப்பனுக்கு உட்கார்ந்து செய்கிற வேலைக்குத் தடையில்லை. ஆனால் சாரத்தில் ஏற முடியவில்லை. மண்டபத்து வேலை பாதியில் நின்றது. ஒருநாள் ஊன்றுகோலோடு ஆஸ்பத்திரிக்கு வந்து ஞானசிங்கிடம் கேட்டார்.

"காலு எதுக்கு ஐயா கோணிச்சு?"

"சில எலும்பு அப்படித்தான் கூடும், கோலப்பா."

நாகம்மை எதையோ சொல்ல வாயெடுத்தாள். கோலப்பன் அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா ஏதோ ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்ன செய்தி, கதவுக்கு வெளியே நின்ற கம்பவுண்டர்கள் மூலம் அதற்குள் மயிலாடி வரைக்கும் போயிருந்தது. கோலப்பன் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி, கிருஷ்ணமணி வக்கீலைப் பார்த்தார். டாக்டர் ஞானசிங் பேரில் நஷ்டஈட்டு வழக்கு முன்சீப் கோர்ட்டில் பதிவானது.

மிஷன் ஏற்பாடு செய்த வக்கீல் ஞானசிங்குக்காக ஒரு பதில் மனு எழுதினார். கட்டு தளர்ந்ததாகப் பிரதிவாதிக்கு நினைவில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. ஞானசிங் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அடுத்து ராஜபாய்க்குச் சம்மன் வந்தது. கோலப்பன் தரப்புச் சாட்சியாக.

"என்ன சொல்லப் போறே?" என்று ஞானசிங் கேட்டார். அந்த மாதத்தில் அவர் மனைவியிடம் முழுதாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"பொய் சொல்ல மாட்டேன். நீங்க வீட்டுல சொன்னத உங்க சம்மதம் இல்லாமச் சொல்லவும் மாட்டேன்."

"அப்பம் என்ன செய்வே?"

"வாய மூடிக்கிட்டு நிப்பேன். பாக்க நல்லா இருக்காது."

ஞானசிங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை அடக்கிக்கொண்டு வார்டுக்குப் போனார்.

விசாரணை நாளில் கோர்ட்டில் உட்கார இடமில்லை. டாக்டருக்கு எதிராக டாக்டர் பெண்டாட்டியே சாட்சி சொல்லப் போகிறார் என்று கேள்விப்பட்டு, வழக்கே இல்லாதவர்களும் வந்திருந்தார்கள். முதலில் நாகம்மை கூண்டில் ஏறினாள். இரண்டு விரல் போனதைச் சொன்னாள். மிஷன் வக்கீல் எழுந்தார்.

"எந்தக் கை?"

"வலது கையி."

"எந்தக் கிழமை?"

"அது தெரியாது."

"கிழமை தெரியாது, கை மட்டும் தெரியுமா? டாக்டர் என்ன சொன்னார்?"

"வெளையாட்டா ஒண்ணு சொன்னாவ. எல்லாரும் சிரிச்சோம்."

"நீயும் சிரித்தாயா?"

"சிரிச்சேன்."

"கணவன் கால் கெட்டுப்போகிறது என்று நினைத்திருந்தால் எந்த மனைவியாவது சிரிப்பாளா? யாரோ சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறாய். அப்படித்தானே?"

நாகம்மை முகம் சிவந்து, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஞானசிங் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சிரித்தது தன்னுடைய வேடிக்கைக்கு. அதை வைத்தே அவளைப் பொய்க்காரி ஆக்குகிறார்கள். அந்த ஆஸ்பத்திரிக்கு வந்த இத்தனை வருஷத்தில் இவ்வளவு வெட்கம் அவருக்கு வந்ததில்லை.

அடுத்தது ராஜபாய். கிருஷ்ணமணி வக்கீல் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"இந்தக் கேஸைப் பற்றி டாக்டர்கள் ஒரு கூட்டம் நடத்தினீர்களா?"

மிஷன் வக்கீல் எழுந்தார். "ஆட்சேபிக்கிறேன். டாக்டர்கள் தங்கள் தொழிலைத் திருத்திக்கொள்ள ரகசியமாக நடத்துகிற கூட்டம் அது. அங்கே பேசியதைக் கேட்டால் இனி யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள். நஷ்டம் நோயாளிகளுக்குத்தான்."

முன்சீப் யோசித்தார். "நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சட்டம் இல்லை. டாக்டர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் அது ரகசியம் என்று எனக்குத் தெரிந்த எந்த விதியிலும் இல்லை. சாட்சி பதில் சொல்லலாம்."

ராஜபாய் சொன்னார். "கூட்டம் நடந்தது. கட்டு தளர்ந்ததா என்று கேட்டேன். நினைவில்லை என்றார். குறை இல்லை என்று தீர்மானம் எழுதினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை."

"ஏன்?"

ராஜபாய் வாயை மூடிக்கொண்டு நின்றார். அவர் சொன்னபடியே பார்க்க நன்றாக இல்லை.

மிஷன் வக்கீல் மறுபடி எழுந்தார். "அந்தக் காரணம் கணவர் வீட்டில் மனைவியிடம் சொன்ன பேச்சிலிருந்து வந்ததாக இருந்தால், அதைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது."

"இதற்குச் சட்டம் இருக்கிறது" என்று முன்சீப் ஒப்புக்கொண்டார். ராஜபாய் பக்கம் திரும்பினார். "நீங்கள் அங்கே மனைவியாகவும் இருந்தீர்கள், விசாரிக்கிற டாக்டராகவும் இருந்தீர்கள். சங்கடமான நிலைமை. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எங்கே வைத்துச் சொன்னார்?"

"சாப்பாட்டு மேசையில்."

"டாக்டராகச் சொன்னாரா, கணவராகச் சொன்னாரா?"

ராஜபாய் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "சாளைக் கறியைத் தொடாமல் சொன்னார். டாக்டராகப் பேசினால் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார். ஆகையால் கணவராகத்தான்."

கோர்ட்டு சிரித்தது. முன்சீப் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அப்படியானால் அந்தப் பேச்சை அவர் சம்மதமில்லாமல் நீங்கள் சொல்லவே கூடாது. வக்கீல் வேறு கேள்விக்குப் போகலாம்."

கிருஷ்ணமணி வக்கீலிடம் வேறு கேள்வி இல்லை. மிஷன் வக்கீல் மேல்துண்டைச் சரி செய்துகொண்டு நிம்மதியாக உட்கார்ந்தார். அப்போது பின்வரிசையில் பெஞ்சு கிறீச்சிட்டது. ஞானசிங் எழுந்து நின்றார்.

"எனக்குச் சம்மதம். அவள் சொல்லலாம்."

மிஷன் வக்கீல் ஓடி வந்து அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். ஞானசிங் உட்காரவில்லை.

"வழக்குக்கு இது பாதகமாகலாம். தெரிந்துதான் சொல்கிறீர்களா?" என்று முன்சீப் கேட்டார்.

"தெரிந்துதான். நாகம்மை சொன்னது ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதை என் பெண்டாட்டி வாயால் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். இருக்கட்டும்."

ராஜபாய் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எலும்பை முதலில் சரியாக வைத்தது நல்ல வேலை என்பதையும் சொன்னார். கட்டை மாற்றாதது பிழை என்பதையும், பிழை என்று அவருக்கே தெரியும் என்பதையும் சொன்னார். சொல்லிவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கி வந்தார். நாகம்மை தள்ளி உட்கார்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தாள்.

முன்சீப் மத்தியானத்துக்கு ஒத்திவைத்தார். இரண்டு தரப்பும் வெளியே பேசிப் பார்க்கலாம் என்றார். கோர்ட்டு வளாகத்து வேப்பமரத்தடியில் எல்லோரும் நின்றார்கள். ஞானசிங் நேரே கோலப்பனிடம் போனார்.

"சில எலும்பு அப்படித்தான்னு சொன்னேன் பாத்தியா, அது பொய். எனக்க கவனக்குறைவாக்கும். அவ சொன்னத நான் கேட்டிருக்கணும். மன்னிச்சுக்கிடணும்."

பிறகு நாகம்மை பக்கம் திரும்பினார். "உன்னயும் இந்தக் கோர்ட்டுல வச்சுக் கேவலப்படுத்தியாச்சு. அதுக்கும் நான்தான் காரணம்."

"இத அண்ணைக்கே சொல்லியிருந்தா நான் நாகரோலுக்கு பஸ்ஸே ஏறியிருக்க மாட்டேன்" என்றார் கோலப்பன்.

காலை மறுபடியும் நேராக்க முடியுமா என்று கேட்டார். எலும்பு கூடின இடத்திலேயே மயக்க மருந்து கொடுத்து உடைத்து மறுபடி சேர்க்கலாம், முழுக்கச் சரியாகும் என்று உத்தரவாதம் இல்லை என்று ராஜபாய் சொன்னார். செலவு முழுவதும், வேலையில்லாமல் இருந்த மாதங்களுக்கு ஈடும் மிஷன் பொறுப்பு என்று வக்கீல்கள் பேசி முடித்தார்கள்.

"திருவனந்தபுரத்துல கைதேர்ந்த டாக்டர் ஒருத்தரு இருக்காரு. அவருகிட்ட அனுப்பி வைக்கேன்" என்றார் ஞானசிங்.

"எதுக்கு? நீங்களே வச்சுக் கெட்டுங்க."

ஞானசிங் திகைத்துப்போனார். கிருஷ்ணமணி வக்கீல் அவரை விட அதிகமாகத் திகைத்தார்.

"வேற டாக்டருக்கு எனக்க காலு பத்தோட பதினொண்ணு" என்றார் கோலப்பன். "நீங்க இனி ஆயுசுக்கும் இந்தக் கால மறக்க மாட்டீங்க. டாக்டரம்மாவும் விட மாட்டாவ."

நாகம்மை முதலில் சிரித்தாள். பிறகுதான் மற்றவர்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் யேசுரத்தினம் அந்தப் பழைய தீர்மானத்தில் தன் கையெழுத்தை அடித்துவிட்டு, ஏன் அடித்தார் என்பதையும் கீழே எழுதினார். "எனக்கு அண்ணைக்கே ஒரு சந்தேகம் இருந்தது. கேக்காம விட்டது எனக்க தப்பு" என்றார். மூன்று பேரும் வெகுநேரம் வாதாடினார்கள். ஒருவரை ஒருவர் பயமில்லாமல் கேள்வி கேட்கக் கதவு சாத்தித்தான் இருக்க வேண்டும் என்பதில் பெரிய டாக்டர் பிடிவாதமாக இருந்தார். ராஜபாயும் அதை மறுக்கவில்லை.

"நாம இங்க பேசுறது நம்மளோட இருக்கட்டும். ஆனா நோயாளி உடம்புல நடந்தது நோயாளிக்க சொத்து. கூட்டத்துக்கு முன்ன அத அவங்ககிட்ட சொல்லிரணும்" என்றார்.

அப்படியே எழுதிக்கொண்டார்கள். புருஷன் கேஸைப் பெண்டாட்டியும், பெண்டாட்டி கேஸைப் புருஷனும் விசாரிக்கக் கூடாது, அந்த மாதம் வேறு ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரை வரவழைக்க வேண்டும் என்றும் முடிவானது. வருகிறவருக்கு நல்ல மத்தியானச் சாப்பாடு போட வேண்டும் என்று ஞானசிங் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தார்கள்.

கோலப்பனின் காலை ஞானசிங் மறுபடி உடைத்துச் சேர்த்தார். பக்கத்தில் நின்று மயக்க மருந்து கொடுத்தவர் ராஜபாய். வீக்கம் வற்றியதும் யாரும் சொல்லாமலே கட்டு மாறியது. கோலப்பன் போதும் போதும் என்று சொன்ன பிறகும் இன்னொரு தடவை மாறியது. வார்டில் ஞானசிங் பழையபடி வேடிக்கை பேசினார். ஆனால் யாராவது எழுந்து நின்றால் அவரும் நின்றுவிடுவார்.

கட்டைப் பிரித்த நாளில் கால் நேராக இருந்தது. மற்றக் காலை விட ஒரு நூல் அளவு குட்டை. ஞானசிங் அதை அளந்து பார்த்து, மறைக்காமல் சொன்னார்.

"இத எனக்குச் செரியாக்க முடியல்ல, கோலப்பா. செருப்புக்குள்ள ஒரு தோல் வச்சுத் தைச்சா தெரியாது."

"சாரத்துல செருப்பு போட்டுக்கிட்டா ஏறுவாவ?" என்று கோலப்பன் சிரித்தார். வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்து பார்த்தார், திரும்பி வந்தார், இன்னொரு தடவை நடந்தார். கட்டிலில் கிடந்தவர்கள் எல்லோரும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நாகம்மை மூட்டையைக் கட்டி முடித்துவிட்டு ராஜபாயிடம் சொல்லிக்கொண்டாள்.

ரோட்டில் மயிலாடி வழியாகப் போகிற அஞ்சுகிராமம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. கண்டக்டர் கை கொடுக்க வந்தார். கோலப்பன் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, இடது காலைப் படியில் வைத்து ஏறினார்.